அல்லி ராஜ்ஜியத்தில் தாயம் உருட்டுவோமா?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி. 'எதிரே பாழடைஞ்ச கோட்டை. உள்ளே உறுமல் சத்தம். என்ன செய்யப் போறே?' என்று கேட்பார். நீங்கள் மந்திரவாதியாகவோ திருடனாகவோ மாறிப் பதில் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பது பகடையின் கையில்!

நம்ம பசங்களும் இதை ஆடுகிறார்கள். ஆனால், உலகம் பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டையும் டிராகனும்தான். ஏன், நம்மிடம் உலகங்களே இல்லையா?

எர்ணாவூரில் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான் கொண்டித்தோப்பு. அங்கே இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் அச்சடித்த 'பெரிய எழுத்து' புத்தகங்கள் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் போயின. ஒருவர் உரக்க வாசிக்க, திண்ணையில் நாலு பேர் கேட்ட புத்தகங்கள் அவை. கிட்டத்தட்ட இதே விளையாட்டுதான். கேட்பவர்கள் குறுக்கே புகுந்து கதையை மாற்ற முடியாது, அவ்வளவே வித்தியாசம்.

அவற்றில் எந்த உலகத்தைத் தூசு தட்டி எடுக்கலாம்?

முதலில் விக்கிரமாதித்தன். அவனுக்கு வாய்த்த ஆட்சி 1,000 வருடம். மந்திரி பட்டியின் ஆயுளோ 2,000 வருடம். 'ஆறு மாசம் நாட்டை ஆளு, ஆறு மாசம் காட்டில் இரு' என்று பட்டி கணக்குப் போட்டுக் கொடுக்க, ஆயிரம் இரண்டாயிரமானது. காடாறு மாதம், நாடாறு மாதம்... விளையாட்டு விதி ரெடி! ஆனால், வேதாளத்தை 'அம்புலிமாமா' பல பத்தாண்டுகள் சுமந்துவிட்டது. அவனை யாரும் மறந்துவிடவில்லை.

அடுத்து, மதனகாமராஜன் கதை. நடேச சாஸ்திரி 1886-லேயே இதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனார். சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் என் ஓட்டு மூன்றாவதற்கு... அல்லி அரசாணி மாலை!

வியாசர் பாரதத்தில் அல்லி கிடையாது. மதுரையை ஆண்ட, ஆண் துணையே வேண்டாம் என்ற ராணியாக அவளைப் படைத்தவர்கள் நம்மாட்கள். அர்ஜுனன் என்ன செய்தான்? கண்ணன் உதவியோடு பாம்பாக அந்தப்புரத்துக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிட்டான். சம்மதமாவது ஒண்ணாவது! அந்த அநியாயத்தைச் சாகசமாக ரசித்த நாம், பெண் பேச்சு எடுபடும் வீட்டைப் பார்த்து, 'அங்கே அல்லி ராஜ்ஜியம்பா' என்று இன்றும் கிண்டலடிக்கிறோம்.

அச்சில் ஏறிய அல்லிக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு வாசிப்பிலும் அவள் தூங்கியே ஆக வேண்டும். விளையாட்டில் அப்படியில்லை. அல்லியாக உட்காருவது உங்கள் மகள். 'கட்டில் பக்கம் ஏதோ ஊருது. என்ன செய்யப் போறே?' என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவள் தாயக்கட்டையை உருட்டுகிறாள்.

தாயம் விழுந்தால் அல்லி முழித்துக்கொள்வாள். அப்புறம் அர்ஜுனன் பாடு!