காக்ஸாக்கி வைரஸும் இதயத் தசை அழற்சியும்

காக்ஸாக்கி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். இளம்பிள்ளை வாதம் கண்டதாகக் கருதப்பட்ட அவ்வூர்ச் சிறுவர்களின் மலத்தை கில்பர்ட் டால்டார்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ் இருவரும் பால்குடி மாறாத சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தினர். குஞ்சுகளின் தசைகள் செயலிழந்தன. 1948இல் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறியப்படாத அந்த வைரஸ் ஊரின் பெயரையே பெற்றது. வளர்ந்த எலிகளை வைத்துச் சோதித்திருந்தால் அது அகப்பட்டே இருக்காது.

இதயத்தையும் இது தாக்கும் என்பதைத் தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), ஜோகன்னஸ்பர்க் பிரசவ விடுதிகள் காட்டின. அங்கே பிறந்த சில நாள் சிசுக்களிடம் பரவிய இதயத் தசை அழற்சிக்குக் காக்ஸாக்கி பி வகையே காரணம் என்று 1955, 1956ஆம் ஆண்டு அறிக்கைகள் கூறின. வைரஸ் செல்லுக்குள் பெருகி அதை உடைக்கிறது, இதயம் தளர்கிறது: விளக்கம் எளிமையாக இருந்தது.

சற்று அதிகமாகவே எளிமை. 1974இல் ஆய்வாளர்களான உட்ரஃப் இணையர், எதிர்ப்பாற்றல் செல்களான டி செல்கள் நீக்கப்பட்ட எலிகளுக்குக் காக்ஸாக்கி பி3 தொற்றை உண்டாக்கினர். காவலாளி இல்லாத வீட்டில் சேதம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாறாக, அந்த எலிகளின் இதயத்தில் அழற்சி குறைந்திருந்தது. காரணம் இதுதான்: முதல் சில நாட்களில் வைரஸே தசைச் செல்களை அழிக்கிறது. அப்போது உடலின் தற்காப்புப் புரதமான இன்டர்ஃபெரான் அதன் பெருக்கத்தை அடக்கி உயிரைக் காக்கிறது. அடுத்து வந்து குவியும் டி செல்களோ தொற்றிய செல்களைக் கொல்வதோடு இதயத் தசையையும் புண்ணாக்குகின்றன.

வைரஸ் அகன்ற பிறகும் சில எலி இனங்களில் மட்டும் அழற்சி நீடித்தது ஏன்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நோயல் ரோஸ் குழுவினர், அந்த எலிகள் இதயத் தசைப் புரதமான மயோசினுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்குவதைக் கண்டனர். 1987இல் வைரஸே இல்லாமல் மயோசினைச் செலுத்தி அதே நோயை வரவழைத்தனர்.

அப்படியானால் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கினால் போதாதா? 1995இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 111 நோயாளிகளிடம் அதனால் பலன் கிட்டவில்லை. வைரஸ் இருந்தவர், இல்லாதவர் என்று அவர்கள் பிரிக்கப்படவில்லை. 2009இல் வெளியான இத்தாலியச் சோதனைக்கு, இதயத் திசுவில் வைரஸ் இல்லை என உறுதியான 85 பேரைத் தேர்ந்தனர். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான பிரெட்னிசோனும் அசத்தியோபிரினும் பெற்றவர்களில் பெரும்பாலோரின் இதயத் துடிப்பு வலுப்பெற்றது.