ஆலைக்காரர் எழுப்பிய கைத்தறிக் கருவூலம்

அகமதாபாத்தின் ஷாஹிபாக் பகுதியில், சாராபாய் குடும்பத்தாரின் ‘ரிட்ரீட்’ வளாகத்துக்குள் இருக்கிறது காலிகோ துணி அருங்காட்சியகம். காலிகோ என்பது அவர்கள் நடத்திய பஞ்சாலையின் பெயர். மான்செஸ்டர் துணியும், பின்னர் நம் நாட்டு ஆலைத்துணியும் கைத்தறியை நொடிக்க வைத்த கதை தெரிந்ததுதான். அத்தகைய ஆலைக் குடும்பமே கைநெசவுக்குக் கருவூலம் எழுப்பியது விந்தை. யோசனை சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் சர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த கலை அறிஞர். 1940களில் கௌதம் சாராபாயிடம் அவர் வைத்த கோரிக்கையைக் கௌதமும் தங்கை கிராவும் 1949இல் நிறைவேற்றினார்கள். குமாரசுவாமி அதைக் காணவில்லை; 1947இலேயே மறைந்துவிட்டார். ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. 1983இல் ஷாஹிபாக்குக்கு இடம்பெயர்ந்த அருங்காட்சியகம் நிலைத்திருக்கிறது.

உள்ளே போவது எளிதன்று. முன்பதிவு வேண்டும், சிறு குழுவாக வழிகாட்டியின் பின்னே நடக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. ஒரு துணியின் முன் நின்று நிதானமாகப் பார்க்க நினைப்பவருக்கு இது எரிச்சல்தான். ஆனால் இயற்கைச் சாயத்துக்கு வெளிச்சமே எமன். அறைகள் மங்கலாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அவசரப்படுத்துவதைத்தான் சொல்வேன்.

பாட்டன் நகரத்துப் பட்டோலாவை அவசரமாகப் பார்த்தால் வெறும் பூப்போட்ட பட்டு. அதில் பாவு, ஊடை இரண்டையும் நெய்வதற்கு முன்பே கணக்குப் பார்த்துக் கட்டி, நிறத்துக்கு நிறம் அவிழ்த்துக் கட்டிச் சாயம் தோய்க்கிறார்கள். தறியில் ஊடையின் சிவப்பு, பாவின் சிவப்பின்மேல் சரியாக வந்து விழவேண்டும். சில அங்குலம் நெய்ததும் பாவைத் தளர்த்தி, ஊசியால் இழைகளை நகர்த்தி நேராக்குவார்கள். ஒரு சேலைக்கு ஆறு மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும். இந்தோனேசியத் தீவுகளில் இது அரச குடும்பங்களின் பொக்கிஷமாக வைத்துக் காக்கப்பட்டது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது ‘மாதா நி பச்சேடி’. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத வாகரி மக்கள், அம்மனைத் துணியில் எழுதி, அதையே சுவராகவும் விதானமாகவும் கட்டிக் கோயிலாக்கிக் கொண்டார்கள். நடுவில் தேவி, சுற்றிலும் வரிசை வரிசையாகக் கதைகள், கறுப்பு, சிவப்பு, துணியின் வெள்ளை, அவ்வளவே. துணியை முதலில் கடுக்காய் நீரில் தோய்க்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் கறுப்பு மை. அந்த இரும்பு கடுக்காயின் துவர்ப்போடு சேரும்போதுதான் கோடு கருத்து நிலைக்கிறது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம் தடவுவார்கள். சாபர்மதியின் ஓடும் நீரில் அலசிச் சாயத்தில் கொதிக்க வைக்கையில், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும்.

கடுக்காய், வெல்லம், இரும்பு: கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுவோரின் கையிலும் இதே சரக்குதான். தேருக்குத் தொம்பையும் சன்னிதிக்கு விதானமும் வரைந்து தந்த கைகள் அவை. உற்சவங்களில் வெயிலும் காற்றும் பட்டுக் கிழிந்தால் அவற்றை மாற்றிவிடுவோம். பழையதை எடுத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. செப்புத் திருமேனிக்குக் கண்ணாடிப் பேழை செய்யும் நம் கோயில்கள், கழித்த தொம்பைகளில் நல்லதாக ஒன்றிரண்டையாவது மடிக்காமல் சுருட்டி, இருட்டறையில் வைக்கத் தொடங்கலாம். அதற்குச் சாராபாய் அளவு செல்வம் தேவையில்லை.