திரைக்கேற்ப இடம் கொடுக்கும் சாளரம்: ஒஸ்லோவில் வளர்ந்த ஒரு யோசனை



கணினியில் எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று வயது வந்தவர்கள் பலர் திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையை, அதாவது ரெசொலூஷனை, குறைத்துவிடுவார்கள். கணக்கு வேலையில் இதை நான் அடிக்கடி காண்பதுண்டு. எழுத்து பெருக்கும். ஆனால் சில மென்பொருள்களில் அடியில் உள்ள 'சேமி' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். அரை நாள் பதிந்த கணக்கைச் சேமிக்க வழியிராது. இது ஏன்? விடையின் ஒரு பகுதி நாம் வாழும் ஒஸ்லோ நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஐபிஎம் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ திரையில் அகலத்துக்கு 640, உயரத்துக்கு 480 புள்ளிகள். பிறகு 800க்கு 600, 1024க்கு 768 என்று திரைகள் வளர்ந்தன. அக்காலத்தில் நிரல் எழுதிய பலர், 'இடமிருந்து 300ஆம் புள்ளியில், 80 புள்ளி அகலத்தில் ஒரு பொத்தான்' என்று ஆணி அடித்ததுபோல் இடம் குறித்தார்கள். எழுதியவரின் திரையில் அது அழகாக இருக்கும். வேறு திரையில், வேறு மொழியில் குலைந்துவிடும்.

1990ஆம் ஆண்டுக் கோடையில் ஹோவார்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இரு நோர்வேஜியர்கள் ட்ரொண்ட்ஹைமில் அல்ட்ராசவுண்ட் படங்களுக்கான மென்பொருள் ஒன்றில் வேலை செய்தார்கள். அது யுனிக்ஸ், மக்கின்டொஷ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டும். மூன்றுக்கும் பொதுவான ஒரு கருவித்தொகுதி தேவை என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1994இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் பின்னர் ட்ரோல்டெக் என்ற பெயரில் ஒஸ்லோவிலிருந்து இயங்கியது. அவர்களுடைய 'கியூட்' 1995 மே மாதம் வெளியானது.

கியூட்டில் பொத்தானை ஆணி அடிக்கத் தேவையில்லை. 'உனக்கு எவ்வளவு இடம் வேண்டும், ஆகக் குறைந்தது எவ்வளவு போதும்' என்று ஒவ்வொரு உறுப்பையும் அது கேட்கும். பிறகு, பந்தியில் ஆட்களைப் பார்த்து இலை போடுவதுபோல், இருக்கும் இடத்தைப் பங்கிடும். இந்த யோசனை வேறு சில யுனிக்ஸ் கருவிகளிலும் இருந்தது. ஒரே நிரலை யுனிக்ஸிலும் விண்டோஸிலும் இப்படி ஓடவைத்தது கியூட்டின் பலம்.

இதனால் தமிழுக்கும் நன்மை விளைந்தது. ஜேர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் 1996இல் தொடங்கிய கே.டி.ஈ என்ற திரைச்சூழல் கியூட்டின் மேல் கட்டப்பட்டது. தன்னார்வலர்கள் பின்னர் அதைத் தமிழாக்கினார்கள். நோர்வேஜிய மொழியில் 'லாக்ரெ' என்ற சிறு சொல் தமிழில் 'சேமிக்கவும்' என்று நீளும். ஆணி அடித்த பொத்தானில் அதன் வால் வெட்டுப்பட்டிருக்கும். கேட்டு இடம் கொடுக்கும் முறையில் பொத்தான் தானே அகலும்.

2008இல் ட்ரோல்டெக்கை நொக்கியா வாங்கியது. அதன்பின் திரைகளில் புள்ளிகள் மிக நெருக்கமாயின. புள்ளிக் கணக்கில் வரைந்தவை எல்லாம் சிறுத்துப்போயின. 2016இல் வந்த கியூட் 5.6 அதற்கேற்பப் பெருக்கிக் காட்டும் வசதியைத் தந்தது. 2020இல் வந்த கியூட் 6இல் அது இயல்பாகவே இயங்குகிறது.

ஆகவே நேயர்களே, எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ரெசொலூஷனைத் தொடாதீர்கள். விண்டோஸின் திரை அமைப்பில் பெருக்க அளவை 125 அல்லது 150 வீதமாக்குங்கள். அப்படியும் பொத்தான் மறைந்தால் உங்கள் கண்ணையோ வயதையோ நோகாதீர்கள். மென்பொருளைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். இதற்கு வழி கண்டு முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

அடுத்த மாதம் சந்திப்போம்.