பேராதனையின் நஞ்சியல் ஆய்வும் சந்தாவில்லாச் சஞ்சிகைகளும்

கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதியில் சென்றால், மகாவலி கங்கைக் கரையில் கெட்டம்பேயும் அதைத் தாண்டிப் பேராதனையும் வருகின்றன. கெட்டம்பேயில் இருப்பது பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம். எந்தப் பூச்சிமருந்து நாட்டில் விற்கப்படலாம், எது கூடாது என்று தீர்மானிப்பது அங்கேதான். பேராதனையில் 1960களின் தொடக்கத்தில் உருவான மருத்துவ பீடம் இருக்கிறது. நஞ்சருந்தியவர்களுக்கு அளிக்கும் அவசர சிகிச்சையைப் பற்றி இலங்கையிலிருந்து உலகுக்குச் சென்ற ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தச் சுற்றுவட்டாரத்தோடு தொடர்புடையது. அவற்றில் பல, எவரும் காசு கொடுக்காமல் படிக்கக்கூடிய திறந்த அணுக்கச் சஞ்சிகைகளில் வெளிவந்தவை.

பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல் வந்தது (33ஆம் இலக்கச் சட்டம்). 1984இல் பாரத்தியோன், மீதைல் பாரத்தியோன் ஆகியவை தடைசெய்யப்பட்டன. ஆயினும் நஞ்சருந்திய சாவுகள் ஏறிக்கொண்டே போயின. 1995இல் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டில் உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பில் வைத்திருந்த கடும் நஞ்சுகள் யாவும் விலக்கப்பட்டன. விவசாயிகள் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்துக்கு மாறினார்கள். வாட்டுக்கு வந்த நோயாளிகள் இப்போது ஓயாத வலிப்பால் இறந்தார்கள். 1998இல் அதற்கும் தடை வந்தது. ஒரு வைத்தியசாலையின் பதிவில் 1998இல் 50 ஆக இருந்த எண்டோசல்பான் சாவுகள், தடைக்குப் பிந்திய மூன்று ஆண்டுகளில் 3 ஆகக் குறைந்ததை 2003ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரை காட்டியது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் அப்போதைய பீடைகொல்லிப் பதிவாளர் காமினி மனுவீர.

அக்காலத்து மருத்துவ வெளியீட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. இலங்கை வாட்டுகளில் சேகரித்த தரவு வெளிநாட்டுச் சஞ்சிகையில் அச்சாகும். அந்த நோயாளிகளைப் போன்றவர்களை மறுநாளும் பார்க்கும் மாவட்ட வைத்தியருக்கு அதன் சந்தா எட்டாது. யாழ்ப்பாணத்து அலரி நஞ்சு நோயாளிகள் 170 பேரைப் பற்றிச் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் எழுதிய முன்னோடிக் கட்டுரையும் 1988இல் அத்தகைய சந்தாச் சஞ்சிகை ஒன்றில்தான் வந்தது. சிகிச்சைப் பாடநூல்களோ பெரும்பாலும் தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிய மேலைநாட்டு நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 2000இல் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியம் தொடங்கியது. 2002 பெப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் திறந்த அணுக்கத்துக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. 2004 ஒக்டோபரில் பிளொஸ் மெடிசின் என்ற திறந்த அணுக்கச் சஞ்சிகை பிறந்தது. அதே 2004இல் பேராதனை மருத்துவ பீடத்தைத் தளமாகக் கொண்டு தென்னாசிய மருத்துவ நஞ்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு உருவானது. பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் அவுஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றமும் அதற்குப் பணம் கொடுத்தன. அன்ட்ரூ டோசன், நிக் பக்லி, மைக்கல் எடில்ஸ்டன் ஆகியோரும் பேராதனைப் பேராசிரியர் இந்திக கவரம்மனவும் அதன் முக்கியப் பெயர்கள். 2006 ஒக்டோபர் முதல் தன் பணத்தில் நடக்கும் எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் ஆறு மாதத்துக்குள் இலவசக் களஞ்சியத்தில் சேர வேண்டும் என்று வெல்கம் விதி செய்தது. லான்செட் போன்ற சந்தாச் சஞ்சிகையில் வந்த இலங்கைக் கட்டுரைகள்கூட எல்லோருக்கும் திறந்தது இந்த விதியால்தான். ஆய்வாளரின் தாராள மனதைவிட நிதி கொடுத்தவரின் நிபந்தனைக்கே இங்கு வேலை அதிகம்.

ஆய்வுகள் நடந்த இடம் பேராதனை மட்டுமன்று. நோயாளிகள் அநுராதபுரம், பொலன்னறுவை, குருணாகல் வைத்தியசாலைகளில் இருந்தார்கள். அவசர மருத்துவம் தனித் துறையாக அப்போது வளர்ந்திருக்கவில்லை. ஆகவே நஞ்சருந்தியவர் பொது மருத்துவ வாட்டிலேயே சேர்க்கப்பட்டார். ஆய்வு வைத்தியர்கள் இரவும் பகலும் அங்கேயே காத்திருந்தார்கள். வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூள் உயிரைக் காக்கிறதா என்று 4,632 பேரிடம் சோதித்த முடிவு 2008இல் லான்செட்டில் வந்தது. பலமுறை கரித்தூள் பெற்றவர்களில் 6.3 சதவீதமும் பெறாதவர்களில் 6.8 சதவீதமும் இறந்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இதைவிடச் சிக்கலானது, பூச்சிமருந்து நஞ்சுக்குக் கொடுக்கும் பிராலிடொக்சைம் என்ற மாற்றுமருந்தின் கதை. மகாராஷ்டிரத்துப் பாராமதியில் 200 நோயாளிகளிடம் நடந்த சோதனை, அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் பயனுண்டு என்று 2006இல் லான்செட்டில் சொன்னது. இலங்கைச் சோதனை திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமலே நின்றது. அதன் முடிவு 2009இல் பிளொஸ் மெடிசினில் வந்தது. மருந்து பெற்ற 121 பேரில் 30 பேரும், வெற்று ஊசி பெற்ற 114 பேரில் 18 பேரும் இறந்திருந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. ஆனால் மருந்து உதவியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட வேண்டிய வைத்தியருக்கு இரண்டாவது கட்டுரை வெளியான அன்றே முழுதாகக் கிடைத்தது.

2010இல் பிளொஸ் மெடிசின், பீடைகொல்லி அருந்திய 9,302 நோயாளிகளின் பதிவை வெளியிட்டது. எலிகளை வைத்து வகுத்த நச்சுப் பட்டியல் மனிதருக்குப் பொருந்தவில்லை. பீடைகொல்லிக்குப் பீடைகொல்லி இறப்பு வீதம் பூச்சியத்திலிருந்து 42 சதவீதம் வரை மாறியது. இதற்கிடையே, தடைகளால் விளைச்சல் குறையவில்லை என்று மனுவீரவும் எடில்ஸ்டன் முதலியோரும் 2008இல் மற்றொரு இலவசச் சஞ்சிகையில் எழுதியிருந்தார்கள். அதே ஆண்டில் பிளொஸ் மெடிசினில் வந்த இன்னொரு கட்டுரை, பரகுவாட் என்ற களைகொல்லியின் புதிய கலவையால் பிழைத்தோர் சுமார் 27 சதவீதத்திலிருந்து 37 ஆக உயர்ந்ததாகக் கூறியது. அதற்கு நிதி கொடுத்தது அதைத் தயாரித்த சின்ஜென்டா நிறுவனமே. அந்த உண்மையும் கட்டுரையோடு சேர்ந்தே எல்லோர் கண்ணிலும் பட்டது. பதிவாளர் அலுவலகம் கலவை மாற்றத்தோடு நிற்கவில்லை. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன.

திறந்த அணுக்கமே இத்தடைகளைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. 1984, 1995, 1998 ஆண்டுத் தடைகள் அதற்கு முந்தியவை. பிந்திய தடைகளிலும் பதிவாளரும் ஆய்வாளரும் சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்ததும், சேர்ந்து எழுதியதும் கூடுதல் வலுச் சேர்த்தன. சந்தாவில்லா வெளியீடு கைகொடுத்தது அடுத்த கட்டத்தில்தான்: வேறு நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களும் கிராமத்து வைத்தியர்களும் அதே எண்களை எடுத்து வாதாட முடிந்தது. 2017இல் பிளொஸ் வன் சஞ்சிகை, 2011க்கும் 2015க்கும் இடையில் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 18.3இலிருந்து 14.3 ஆக இறங்கியதைப் பதிவுசெய்தது.

பாம்புக்கடி ஆய்வும் இதே பாதையில் சென்றது. களனிப் பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனையில் 1,007 நோயாளிகள் சேர்ந்தார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறையும் என்று 2011இல் பிளொஸ் மெடிசினில் அது வெளிவந்தது. பேராதனையின் கடிவிஷ ஆய்வாளர்களும் இத்தகைய சஞ்சிகைகளில் எழுதினார்கள்.

படிப்பவருக்கு இலவசமானது எழுதுபவருக்கு இலவசமன்று. பிளொஸ் பதிப்பகம் தொடக்கத்தில் ஒரு கட்டுரைக்கு 1,500 டொலர் கேட்டது; 2006இல் பிளொஸ் மெடிசினில் அது 2,500 ஆனது. பெரிய மானியம் பெற்ற கூட்டமைப்புக்கு அது செலவுக் கணக்கின் ஒரு வரி. மானியமில்லாத விரிவுரையாளருக்குச் சலுகை கேட்டு விண்ணப்பிப்பதைத் தவிர வழியில்லை. உள்நாட்டில் 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் போன்ற ஏடுகளுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இலங்கைச் சஞ்சிகைகளின் இணையக் களஞ்சியம் இடம் கொடுத்தது. அங்கே படிப்பதற்குச் சந்தா கட்டவேண்டியதில்லை.