நிதனீமியர்: கொடுக்கப்பட்டவர்கள்

தமிழ் வேதாகமத்தில் எஸ்றா, நெகேமியா நூல்களைப் படிப்பவர்கள் 'நிதனீமியர்' என்ற சொல்லைக் கடந்துதான் போகவேண்டும். மொழிபெயர்த்தவர்கள் எபிரெயச் சொல்லை அப்படியே எடுத்துத் தமிழ் விகுதி சேர்த்துவிட்டதால், ஏதோ ஒரு நாட்டாரின் பெயர் போலத் தொனிக்கிறது. உண்மையில் அது ஒரு வேலைப்பெயர்.

எபிரெயத்தில் 'நெத்தினீம்'. 'நாத்தன்' என்றால் கொடுத்தான். நெத்தினீம் என்றால் கொடுக்கப்பட்டவர்கள். நம் ஊர்த் தேவாலயங்களில் பழகிய நாத்தான்வேல், யோனத்தான் பெயர்களும் இதே வேர்தான். அங்கே கொடுத்தவர் கடவுள், பெற்றது பிள்ளை. இங்கே கொடுக்கப்பட்டது ஆள், பெற்றுக்கொண்டது ஆலயம்.

யார் கொடுத்தது? தாவீதும் பிரபுக்களும் ஆலயப் பணிக் குலமான லேவியருக்கு உதவியாகக் கொடுத்தார்கள் என்கிறது எஸ்றா 8:20. பிற்கால யூத மரபோ இன்னும் பின்னால் போய், யோசுவாவை ஏமாற்றி உடன்படிக்கை செய்துகொண்ட கிபியோனியரைக் கைகாட்டுகிறது. அவர்களை விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் யோசுவா வைத்தான் என்னும் இடத்தில் எபிரெய மூலத்தில் வருவதும் இதே 'நாத்தன்' வினைதான்.

வேடிக்கை என்னவென்றால், எண்ணாகமத்தில் லேவியரும் 'கொடுக்கப்பட்டவர்கள்'தான். அங்கே சொல் 'நெத்தூனீம்'. ஓர் உயிரொலிதான் வித்தியாசம். எஸ்றா 8:17-இல் ஏட்டில் எழுதியிருப்பது 'நெத்தூனீம்', ஓரக்குறிப்பின்படி வாசிக்கவேண்டியது 'நெத்தினீம்'. லேவியருக்குப் பெருமையாக அமைந்த வேர், இவர்களுக்குத் தாழ்வாகப் போனது.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில் இவர்களும் சாலொமோனின் வேலையாட்களின் வம்சத்தாரும் சேர்ந்து 392 பேர். லேவியரோ 74 பேர்தான். பின்னர் எஸ்றா பாபிலோனிலிருந்து கிளம்பியபோதும் அதே கதை. மரபுக் கணக்குப்படி அது கி.மு. 458. லேவியர் யாரும் வராததால் கசிப்பியா என்ற இடத்திலிருந்த தலைவன் இத்தோவுக்கு ஆளனுப்பினார். வந்த லேவியர் 38, நிதனீமியர் 220. அடிமைகளாக இழுத்து வந்த கூட்டமாக இதைக் கருத முடியவில்லை. பட்டியலில் உள்ள பெயர்களும் கவனிக்கத்தக்கவை: சீகா எகிப்தியப் பெயர், பர்கோஸில் ஏதோமியரின் கோஸ் தெய்வம் ஒலிக்கிறது. பல இடத்து மக்கள் ஆலயத்தடியில் ஒன்றாகியிருக்கிறார்கள்.

பாபிலோனிலும் இதற்கு இணை உண்டு. ஊருக்கின் எயன்னா கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவர்களை 'ஷிர்க்கு' என்றார்கள். அக்காதிய மொழியில் அதற்கும் பொருள் அதுவே. அவர்கள் கையில் இஷ்தார் தெய்வத்தின் நட்சத்திரக் குறியைச் சுட்டார்கள். நிதனீமியருக்கு அப்படிக் குறியிட்டதாக எபிரெய வேதத்தில் எங்கும் இல்லை. மாறாக, ஆசாரியருக்கும் லேவியருக்கும் கிடைத்த வரிவிலக்கு பாரசீக அரசன் ஆணையால் இவர்களுக்கும் கிடைத்தது. எருசலேமில் ஆலயத்தை ஒட்டிய ஓபேல் மேட்டில் குடியிருந்தார்கள். தலைவர்களாக சீகா, கிஸ்பா இருவர் இருந்தார்கள். நெகேமியா காலத்தில் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வோம் என்று ஆணையிட்டவர்களிலும் இவர்கள் உண்டு.

கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தது. விறகும் தண்ணீரும் சுமக்க இடமில்லை. வேலை போனபின்னும் சொல் போகவில்லை. அது குலத்தின் பெயராகிக் கெட்டிப்பட்டது. சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, பாபிலோனிலிருந்து வந்த பத்து வம்சங்களில் இவர்களை எண்ணி, இஸ்ரயேலரோடு மணவுறவு கூடாது என்கிறது. முறைகேடான உறவில் பிறந்த 'மம்சேர்' கூட வரிசையில் இவர்களுக்கு முன்னால். எஸ்றாவோடு நடந்து வந்த 220 பேருக்கு இது அநியாயமான கைம்மாறு என்பேன்.

வருங்காலத்தில் இவர்கள் தூய்மையடைவார்கள் என்றார் ரபி யோசே. இல்லை என்றார் ரபி மேயிர். பாபிலோனியத் தல்மூதில் சாமுவேல் என்னும் அறிஞர் பெயரால் வரும் தீர்ப்பு ரபி யோசேயின் பக்கம்.