எர்கோஸ்டெரால் அளவீட்டு முறை

எர்கோஸ்டெரால் அளவீட்டு முறை என்பது காற்றில் மிதக்கும் பூஞ்சைகளின் மொத்த அளவை, அவற்றின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு மதிப்பிடும் முறை ஆகும். விலங்குகளின் செல் சவ்வில் கொலஸ்டிரால் ஆற்றும் பணியைப் பெரும்பாலான பூஞ்சைகளில் எர்கோஸ்டெரால் ஆற்றுகிறது. 1889 இல் பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் டான்ரே இதனை ரை தானியத்தைத் தாக்கும் எர்காட் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். பெயரும் அப்பூஞ்சையிலிருந்தே வந்தது.

தேவை

வழக்கமான வளர்ப்பு முறையில், காற்றிலுள்ள வித்துகள் (ஸ்போர்கள்) பெட்ரி தட்டில் விழுமாறு செய்யப்பட்டு, முளைக்கும் காலனிகள் எண்ணப்படுகின்றன. இறந்த வித்துகளும், அவ்வூடகத்தில் வளராத இனங்களும் இக்கணக்கில் வருவதில்லை. ஆனால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் இறந்த வித்துகளிலும் உண்டு. எனவே தட்டில் எதுவும் முளைக்காத அறையின் காற்றும் ஆஸ்துமா நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கலாம். எர்கோஸ்டெரால் அளவீட்டுக்கு வித்து முளைக்க வேண்டியதில்லை.

1970களின் இறுதியில் சேமிப்புத் தானியங்களில் பூஞ்சையை அளக்க இது பயன்பட்டது. 1990களில் வீட்டுத் தூசிக்கும் உட்புறக் காற்றுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

செய்முறை

அளவு தெரிந்த காற்று ஒரு வடிகட்டியின் வழியே உறிஞ்சப்படுகிறது. வடிகட்டியில் படிந்த தூசி, மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஐதராக்சைடுடன் சூடாக்கப்படுகிறது. இதனால் கொழுப்புகளுடன் பிணைந்துள்ள எர்கோஸ்டெராலும் விடுபடும். பின்னர் அது எக்சேனில் பிரித்தெடுக்கப்பட்டு, நீர்மக் குரோமட்டோகிராபி முறையில் 282 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் அளவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. காற்று மாதிரிகளில் இதன் அளவு மிகக் குறைவாதலால், அதிக உணர்திறன் கொண்ட நிறை நிறமாலைமானியும் பயன்படுத்தப்படுகிறது.

குறைபாடுகள்

பூஞ்சையின் இனத்தை இம்முறை காட்டாது. ஒரு வித்திலுள்ள எர்கோஸ்டெராலின் அளவு இனத்திற்கு இனம் மாறுவதால், கிடைத்த எடையை வித்துகளின் எண்ணிக்கையாக மாற்றுவது தோராயமானதே. மேலும் எர்கோஸ்டெரால் வெயிலில் சிதைவுறும். இருளில் நெடுநாள் நிலைத்திருக்கும். ஆதலால் பழைய தூசியில் கிடைக்கும் அளவு, அண்மைய வளர்ச்சியைக் குறிப்பதாகாது.

மாற்றாகப் பூஞ்சைச் சுவரிலுள்ள பீட்டா குளுக்கானும் அளக்கப்படுகிறது. ஆயினும் மகரந்தம் முதலிய தாவரப் பொருட்களிலும் அது உண்டு. திறந்தவெளிக் காற்றுக்கு அராபிட்டால், மானிட்டால் ஆகிய சர்க்கரை ஆல்ககால்கள் பயன்படுகின்றன. வியன்னாப் பகுதியில் நடந்து 2008 இல் வெளியான ஆய்வொன்று, ஒரு வித்துக்குச் சராசரியாக 1.2 பிக்கோகிராம் அராபிட்டாலும் 1.7 பிக்கோகிராம் மானிட்டாலும் எனக் கணக்கிட்டது.

நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெராலுக்குப் பதிலாகக் கொலஸ்டிராலே உள்ளது. எனவே அது இம்முறைக்கு முற்றிலும் அகப்படுவதில்லை.