பச்சைத் தேயிலையும் கண்டிச் சீமையும்



ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பள்ளிப் பிள்ளை ஒருவன் போன மாதம் ஷிஜுவோகா பச்சைத் தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான். "சென்சா" என்று பெயர். "ஐயா, கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்திடாதீங்க" என்று குரல் செய்தி வேறு. கொதித்த நீரை 70, 80 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றி, ஒரு நிமிடத்தில் வடிக்க வேண்டும். சூடு அதிகமானால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு வந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எங்கள் மேல்சித்தாமூருக்குப் புதிதல்ல. நயினார் வீடுகளில் வழிவழியாக உள்ள பழக்கம்தானே அது! முதல் வாய் எனக்கு முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர் போலத்தான் இருந்தது. அதே இலையில் இரண்டாம் முறை ஊற்றிக் குடித்தபோதுதான் அடிநாக்கில் ஓர் இனிப்பு பிடிபட்டது.

உடம்பு இளைக்குமா என்று கேட்கும் அத்தைமார் வைத்தியரிடம் கேளுங்கள். நான் சரித்திர வாத்தியார்.

பச்சைத் தேயிலையும் நம் டீக்கடைத் தூளும் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்த இலையை வாடவிட்டு, கசக்கி, காற்றுப்பட விட்டால் கறுத்துவிடும். பறித்தவுடன் ஆவியில் வேகவைத்தால் பச்சையாகவே நிற்கும். எய்சாய் என்ற புத்தத் துறவி 1191இல் சீனாவிலிருந்து தேயிலை விதை கொண்டுவந்தார் என்பது ஜப்பானியர் மரபு. நெடுங்காலம் இலையை மாவாக்கிக் கலக்கித்தான் குடித்தார்கள். ஆவியில் வேகவைத்துக் கையால் உருட்டி உலர்த்தும் இன்றைய முறையை 1738இல் செம்மைப்படுத்தியவர் ஊஜி பகுதியைச் சேர்ந்த நாகதானி சோயென்.

1859இல் ஜப்பானின் துறைமுகங்கள் திறந்தன. பட்டுக்கு அடுத்தபடி அவர்கள் விற்ற பெரிய சரக்கு தேயிலை. வாங்கியது பெரும்பாலும் அமெரிக்கா. ஆட்சி மாறி வேலையிழந்த சாமுராய் வீரர்கள் வாளை வைத்துவிட்டு, ஷிஜுவோகாவின் மகினோஹரா மேட்டு நிலத்தைத் திருத்தித் தேயிலை நட்டார்கள்.

இந்த வியாபாரத்துக்குப் போட்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? அஸ்ஸாமிலிருந்து, அப்புறம் நம் ஜனங்கள் உழைத்த கண்டிச் சீமையிலிருந்து.

இலங்கையில் முதலில் இருந்தது காப்பி. அதற்காகவே திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். நம் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் போனார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் காப்பி இலையில் துரு நோய் தாக்கிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு வெறும் 23 ராத்தல். அடுத்த இருபதாண்டில், 1893 சிகாகோ கண்காட்சியில் இந்தியத் தேயிலையும் சிலோன் தேயிலையும் கடை விரித்திருந்தன. ஆம், விவேகானந்தர் பேசிய அதே ஆண்டு, அதே ஊர்!

அங்கே அவர்கள் செய்த விளம்பரம்தான் என்னை உறுத்துகிறது. சீன, ஜப்பானியப் பச்சைத் தேயிலையில் சாயம் கலக்கிறார்கள், எங்களுடையது இயந்திரத்தில் செய்த சுத்தமான சரக்கு என்றார்கள். சாயம் கலந்தது மெய்தான். அமெரிக்க அரசு 1911இல் சாயமிட்ட தேயிலையைத் தடை செய்தது. ஆனால் "இயந்திரம்" என்ற சொல்லுக்குப் பின்னே, விடியும் முன் பிரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, அட்டைக்கடியோடு மலைச்சரிவில் ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளிய நம் பெண்களின் விரல்கள் மறைந்துபோயின.

ஜப்பானியரும் சும்மா இருக்கவில்லை. 1876இல் தாதா மோதோகிச்சி என்ற முன்னாள் சாமுராயை இந்தியாவுக்கு அனுப்பிக் கறுப்புத் தேயிலை செய்யும் வித்தையைக் கற்றுவரச் செய்தார்கள். அவர் கொண்டுபோன அஸ்ஸாம் விதைகளின் வம்சம் இன்றும் ஷிஜுவோகா மண்ணில் இருக்கிறது. செடிக்குக் குடியுரிமை யாரும் கேட்பதில்லை.

மனிதர்களிடம் கேட்டார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் கதி பத்தாண்டு கழித்து முடிவாயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, எங்கெங்கோ சிதறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதுதான்.

என் வகுப்பிலும் அப்படி வந்த வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். டீயைத் "தேத்தண்ணி" என்பார்கள். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். தாத்தா பாட்டி கொழுந்து கிள்ளிய தோட்டத்தின் பெயர் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். வீட்டில் பழைய பாஸ்போர்ட் அட்டை, துண்டுச் சீட்டு ஏதாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை.